மலைப்பாதையும் பழைய மோட்டார்வண்டியின் மின்னமைப்பும்

சுருளொன்றினூடு செல்லும் காந்தப்புலம் மாறுமாயின் அச்சுருளில் மின்னியக்கவிசை தோன்றும் என்பதை மைக்கேல் பரடே 1831ஆம் ஆண்டில் ஆய்ந்து கண்டார். இவ்விதியை நம் மாணவர் பிழையின்றி ஒப்புவிப்பர். ஆயினும், பழைய கார் ஒன்று மெல்ல ஊரும்போது அதன் முன்விளக்கு மங்குவதேன் என வினவின், விடை கூறவல்லார் சிலரே. கற்றது கைப்பொருளோடு பொருந்தாதவிடத்து ஏட்டுச் சுரைக்காயாகவே நின்றுவிடுகின்றது. ஆதலின், நம் மலையகப் பாதைகளில் நாம் காணும் ஒரு பொருளை எடுத்து, அதன்கண் அவ்விதி தொழிற்படுமாற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் அமைந்த நுவரெலியாவும், அதனிற் சற்றுத் தாழ்ந்த ஹற்றனும் பழைய ஆங்கிலேய வண்டிகள் நெடுநாள் வாழும் ஊர்களாம். தோட்டத்துரைமார் விரும்பி ஓட்டிய எம்.ஜி. முதலிய விளையாட்டுக் கார்களும், வாடகைக்கு ஓடிய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் வண்டிகளும் இங்குக் கைமாறிக் கைமாறி வந்துள்ளன. நுவரெலியா மகாகஸ்தொட்டை மலையேற்றப் போட்டி 1934ஆம் ஆண்டு தொடங்கிய பழமையுடையது. புது வண்டிகளின் இறக்குமதி தடைப்பட்ட காலங்களிலெல்லாம் பழையனவற்றைப் பேணுதல் பொழுதுபோக்காக மட்டுமன்றித் தேவையாகவும் ஆயிற்று. நள்ளிரவில் லயத்திலிருந்து நோயாளி ஒருவரை மருத்துவமனைக்கு ஏற்றிச்செல்லும் வண்டிக்கு விளக்கு மங்குமாயின், அது வெறும் இயந்திரக் குறையன்று. உயிர் பற்றிய விடயமாம்.

இனி, இவ்வண்டிகளின் மின்னமைப்பை நோக்குவோம். 1962இல் வெளிவந்த எம்.ஜி.பி. வண்டியை எடுத்துக்கொள்வோம். அதிற் பொருத்தப்பட்டது லூக்காஸ் சி40 என்னும் தைனமோ. தைனமோவில் வெளியே நிலையான காந்தப்புலம் நிற்க, உள்ளே ஆமேச்சர்ச் சுருள்கள் சுழல்கின்றன. அவற்றில் தோன்றுவது உண்மையில் ஆடலோட்டமே. சுழலும் திசைமாற்றியும் அதனைத் தொடும் காபன் தூரிகைகளும் அதனை நேரோட்டமாக்கி வெளிக்கொணர்கின்றன. எனவே, வண்டிக்கு வேண்டிய மின் முழுவதும் அத்தூரிகைகளின் வழியாகவே செல்லல் வேண்டும். மின்னைப் பெருக்கின் தூரிகையிற் பொறி பறக்கும்; வேகத்தைப் பெருக்கின் சுழலும் சுருள்கள் மையநீக்க விசையாற் சிதறக்கூடும். ஆகவே அதன் பயன் ஏறத்தாழ 22 அம்பியரோடு நின்றுவிடுகின்றது. அதுவும் எஞ்சின் தக்க வேகத்திற் சுழலும்போதே கிடைப்பது. எஞ்சின் நின்றவாறு மெல்ல ஓடும்போது கிடைப்பது மிகச் சொற்பம்.

மலைப்பாதையில் ஏறுதல்தான் மின்னமைப்புக்குப் பெருஞ்சுமை எனப் பலர் எண்ணுவர். அஃது உண்மையன்று. தாழ்ந்த கியரில் ஏறும்போது எஞ்சின் விரைந்து சுழல்வதால் தைனமோ தன் கடமையை நன்கு செய்யும். இடர் நேர்வது பிறிதோரிடத்தில். றம்பொடை வளைவுகளிலோ நானுஓயா வழியிலோ மூடுபனி இறங்க, முன்னே தேயிலை லொறியொன்று ஊர்ந்துசெல்ல, அதன் பின்னே நின்று நின்று செல்லும் வேளையே அது. அப்பொழுது சுமையனைத்தும் ஒருங்கு சேர்கின்றன. தாழ்கதிர் விளக்குகள் இரண்டுக்கும் 100 வாற்று, பனிவிளக்குகள் இரண்டுக்கும் 100 வாற்று, பக்க விளக்கு, பின்விளக்கு முதலியவற்றுக்கு 30 வாற்று எனக் கொண்டால், 12 வோல்ற்று அமைப்பில் அவற்றுக்கு மட்டும் ஏறத்தாழ 19 அம்பியர் வேண்டும். எரிபற்றல், கண்ணாடி துடைப்பான், வெப்பமூட்டும் விசிறி ஆகியவற்றுக்கு 10 அம்பியர் சேர்ப்பின் தொகை 29 ஆகும். முழுவேகத்திலும் 22 அம்பியரே தரும் கருவி, மெல்ல ஊரும்போது யாது தரும்? குறையை மின்கலவடுக்கே ஈடுசெய்யும். 40 அம்பியர்-மணி கொண்ட அடுக்கொன்று தனியே இச்சுமையைத் தாங்கின், ஒன்றரை மணிக்கும் குறைந்த காலத்தில் வறிதாகிவிடும்.

இக்குறையை நீக்கவந்ததே கராச்சுகளில் ஒல்டனேற்றர் என வழங்கும் ஆடலோட்டப் பிறப்பாக்கி. இதனை விளங்கிக்கொள்ள நாம் தொலைவு செல்லவேண்டுவதில்லை. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா 1918இல் எடுத்துரைத்த நீர்மின் கருத்தின் பயனாய், 1950ஆம் ஆண்டு லக்ஷபான மின்னிலையம் இயங்கத் தொடங்கியது. நீர்மின்னிலையத்தில் விழும் நீர் சுழற்றுவது காந்தத்தையே. மின் பிறக்கும் சுருள்கள் அசையாது நிற்கின்றன. காரின் ஆடலோட்டப் பிறப்பாக்கியும் அதன் சிறுவடிவமே. சுழலும் காந்தச் சுருளுக்குச் சில அம்பியரே போதும். அதுவே தூரிகை வழியாகச் செல்கின்றது. பெருமின்னோ நிலையான சுருள்களிலிருந்து நேரே கம்பிக்கு வருகின்றது. சுழலி உறுதியானதாகையால் சிறிய கப்பியைப் பொருத்தி அதனை மிக விரைவாகச் சுழற்றலாம். எனவே எஞ்சின் மெல்ல ஓடும்போதும் பயன்படுமளவு மின் கிடைக்கும்.

அவ்வாறாயின் இதனை முன்னரே பொருத்தாததேன் என வினவலாம். மின்கலவடுக்குக்கு நேரோட்டமே வேண்டும். ஆடலோட்டத்தை நேராக்கவல்ல சிறிய, மலிவான சிலிக்கன் இருவாயிகள் 1960ஐ ஒட்டியே கிடைத்தன. 1960ஆம் ஆண்டின் கிறைஸ்லர் வலியன்ற் இதனைப் பெற்ற முன்னோடி வண்டிகளுள் ஒன்று. எம்.ஜி.பி. வண்டியோ 1967இன் இறுதியிலேயே இதனைப் பெற்றது. ஆறு இருவாயிகள் மும்முனை ஆடலோட்டத்தை நேராக்குவதோடு, அடுக்கிலிருந்து மின் பின்னோக்கிப் பாயாதவாறும் தடுக்கின்றன. ஆகவே பழைய ‘கட்-அவுட்’ பெட்டி வேண்டாததாகின்றது. சுருளின் தன்மையே மின்னோட்டத்தை எல்லைப்படுத்துவதால், மின்னழுத்தத்தைச் சீர்படுத்தும் ஓர் உறுப்பு மட்டும் போதுமானது.

நிற்க, மாற்றம் செய்யப்புகுவோர் முதலிற் செய்யத்தக்கது யாது? பிறப்பாக்கியை வாங்குதலன்று, கம்பிகளை ஆராய்தலே. மழையும் ஈரமும் மிகுந்த இம்மலைநாட்டில் இணைப்புகளும் புவித்தொடுப்புகளும் விரைவில் துருவேறும். துருவேறிய இணைப்புத் தடையாகும். விளக்கை அடையும் மின்னழுத்தம் பத்திலொரு பங்கு குறையின், அதன் ஒளி ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும். இணைப்புகளைத் துலக்கி, விளக்குகளுக்கு அஞ்சலி எனப்படும் ‘றிலே’ பொருத்தித் தடித்த கம்பியால் நேரே மின்னூட்டின், பல வண்டிகளில் அதுவே பாதிக்குறையைத் தீர்க்கும். முந்திய எம்.ஜி.பி. வண்டிகளில் இரண்டே உருகிகள் இருந்தன. முன்விளக்குச் சுற்றுக்கு உருகியே இல்லை. முதுமையடைந்த கம்பியுறைகள் வெடித்திருக்கும் வண்டியில், உருகியின்றி வலிய பிறப்பாக்கியைப் பொருத்துதல் தீயை அழைத்தலாகும்.

அடுத்தது முனைவு பற்றியது. 1967க்கு முந்திய எம்.ஜி.பி. வண்டிகளில் அடுக்கின் நேர்முனை வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. ஆடலோட்டப் பிறப்பாக்கிகள் பெரும்பாலும் மறைமுனை இணைப்பையே வேண்டுவன. மாறி இணைப்பின் இருவாயிகள் கண்ணிமைப்பில் எரிந்துபோம். ஆதலின் அடுக்கைத் திருப்பி, எரிபற்றுச் சுருளின் இணைப்புகளையும் அம்பியர்மானியின் இணைப்புகளையும் மாற்றல் வேண்டும். மின்னணுச் சுற்றுக்காட்டி, வானொலி, நிலைக்காந்த மோட்டார்கள் ஆகியவற்றையும் ஒவ்வொன்றாய்ச் சோதித்தல் வேண்டும்.

பொருத்தும்போது கப்பிகள் ஒரே நேர்கோட்டில் நிற்றல் வேண்டும். பெல்ற் நெகிழாதும் மிக இறுகாதும் இருத்தல் வேண்டும். வெளியேறும் பெருமின்னுக்குத் தடித்த கம்பி தனியே இடுதல் நன்று. 30 அம்பியர் அளவுள்ள பழைய அம்பியர்மானி 43 அம்பியர் தரும் பிறப்பாக்கியின் மின்னைத் தாங்காது. அவ்விடத்தில் வோல்ற்றுமானி பொருத்துதல் தகும். எச்சரிக்கை விளக்கினூடு வரும் சிறுமின்னே காந்தச் சுருளை முதலில் எழுப்புவது. ஆகவே அக்குமிழ் பழுதாயின், மின்னூட்டல் தொடங்காமலும் போகலாம். எஞ்சின் ஓடும்போது அடுக்கின் இணைப்பைக் கழற்றலாகாது. கழற்றின் எழும் மிகை அழுத்தம் இருவாயிகளை அழிக்கும்.

பழமையைக் குலைத்தல் முறையோ எனச் சிலர் வினவுவர். அவ்வினா பொருளற்றதன்று. காட்சிக்கு மட்டும் வெயில்நாளில் வெளிவரும் வண்டிக்குத் தைனமோவே போதும். அதனைச் செப்பஞ்செய்து பேணுதல் அழகே. தைனமோவின் உருவிலேயே அமைந்த ஆடலோட்டப் பிறப்பாக்கிகளும் இக்காலத்தில் உள. கழற்றிய உறுப்புகளை எண்ணெயிட்டுப் பொதிந்து வைப்பின், விரும்பியபோது பழையநிலைக்கு மீளலாம். ஆனால் இரவிலும் பனியிலும் ஆளேற்றிச் செல்லும் வண்டிக்கு, எதிரே வருவோர் நம்மைக் காணுதலும் நாம் பாதையின் விளிம்பைக் காணுதலுமே முதற்கடன். பழமையின் பெருமை அதற்குப் பின்னரே.

ஹற்றனிலும் தலவாக்கலையிலும் நூல் கற்காது கையாற் கற்ற மின்வினைஞர் பலர் உளர். கம்பியைத் தொட்டுப் பார்த்தே குறையறியும் அவர்தம் அனுபவமும், விதியை அறிந்த நம் மாணவரின் கணக்கும் இதுகாறும் வெவ்வேறு தெருக்களில் வாழ்ந்து வந்துள்ளன. அம்பியரைக் கூட்டிக் கணக்கிடத் தெரிந்த மாணவன் ஒரு விடுமுறையைக் கராச்சிற் கழிப்பானாயின், அவன் அறிவு கைக்கு வரும். வினைஞரின் கைத்திறன் கணக்கைப் பெறும். அவ்விரண்டும் கூடுமிடத்து மலைப்பாதையில் ஒரு விளக்கேனும் ஒளிமிக்கதாகுமாயின், பரடேயின் விதியை நாம் கற்றதன் பயனை எய்தியோராவோம்.