தூக்கம் கெட்டால் வயதைக் குறை சொல்லாதீர்கள்

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் நடுக்குவாதம் (இன்றைய பார்க்கின்சன் நோய்) பற்றிச் சிறு நூல் எழுதியபோது அவர் ஆராய்ந்தது ஆறே நோயாளிகளை. சிலரைத் தெருவில் கண்டதோடு சரி. நோய் முற்ற முற்றத் தூக்கம் கெடுவதைக் கவனித்து எழுதினார். அறிவுக்குப் பழுதில்லை என்றும் எழுதிவிட்டார். முன்னது சரி, பின்னது தவறு. நம் வீடுகளில் இன்றும் அந்தத் தவறுதான் நிற்கிறது: கை நடுங்குகிறது, நடை தளர்கிறது, மற்றபடி ஆள் தெளிவு.

சிட்னியில் பார்க்கின்சன் நோயாளிகளை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அதுவரை உயிரோடிருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களில் 83 சதவீதத்தினருக்கு டிமென்ஷியா, அதாவது அறிவுத்திறன் இழப்பு, வந்திருந்தது. அது திடீரென்று வருவதில்லை. ஏடிஎம்மில் கார்டைச் செருகிவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் நிற்பார். மாத்திரைகளை வேளை பிரித்து டப்பாவில் போடத் திணறுவார். நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால் நடை நின்றுவிடும். பழைய கதையெல்லாம் சொல்கிறாரே, ஞாபகம் நன்றாகத்தானே இருக்கிறது என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். இந்த நோயில் பலருக்கு முதலில் சறுக்குவது ஞாபகமல்ல, கவனமும் திட்டமிடலும்.

இனி இரவுக்கு வருவோம். கனவு வரும் வேளையில் உடல் அசையாதபடி மூளைத்தண்டு தசைகளைத் தளர்த்தி வைக்கும். அந்த ஏற்பாடு பழுதானால் மனிதர் கனவை நடிக்கத் தொடங்குவார். விடியற்காலையில் யாரையோ திட்டுவார், உதைப்பார்; பக்கத்தில் படுத்த மனைவியின் தோளில் மறுநாள் கன்றிய தடம் இருக்கும். நாமோ கெட்ட கனவு என்று திருநீறு பூசிப் படுக்க வைக்கிறோம்.

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கார்லோஸ் ஷெங்க், மார்க் மஹோவால்ட் குழுவினர் 1986-இல் இப்படிக் கனவை நடிப்பதைத் தனிக் கோளாறாக விவரித்தார்கள். இந்தக் கோளாறு மட்டும் இருந்த 1,280 பேரை ஆராய்ந்த பன்னாட்டு ஆய்வு 2019-இல் வெளியானது. 12 ஆண்டுகளில் நான்கில் மூவருக்குப் பார்க்கின்சனோ அதன் இனத்தைச் சேர்ந்த மூளைநோயோ வரும் என்பது அதன் கணக்கு. பார்க்கின்சன் வந்தவருக்கு இந்தக் கனவுக் கோளாறும் இருந்தால், அறிவுத்திறன் சரியும் அபாயம் கூடுதல். கெட்ட தூக்கம்தான் அறிவைத் தின்கிறது என்று இதற்குப் பொருளில்லை; இரண்டுக்கும் அடியில் மூளையில் பரவும் ஒரே சேதம் இருக்கலாம்.

ஆனால் தூக்கமின்மைக்கு நாமே செய்யும் வைத்தியம் அறிவைக் கெடுக்கக்கூடும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரையும், தூங்கவைக்கும் என்று போடும் பழைய ரகச் சளி மாத்திரையும் முதியவரைக் குழப்பத்தில் தள்ளும், விழவும் வைக்கும். டாக்டர் தரும் மருந்திலும் சிக்கல் உண்டு: நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்ஸிஃபெனிடில் வயதானவரின் ஞாபகத்தை மழுக்கக்கூடும். பார்க்கின்சன் மருந்துகளான பிராமிபெக்ஸோல், ரோபினிரோல் சாப்பிட்டவர்கள் கார் ஓட்டும்போதே தூங்கிவிட்டதாக 1999-இலேயே மருத்துவர்கள் எழுதினார்கள். அதற்காக எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது இன்னும் ஆபத்து.

குறட்டையோடு மூச்சுத் தடைபடுவது, இரவில் அடிக்கடி சிறுநீர், மருந்தின் வீரியம் இறங்கிப் புரண்டு படுக்க முடியாமை ஆகிய எல்லாவற்றுக்கும் சிகிச்சை உண்டு. டாக்டரிடம் சொன்னால்தான் கிடைக்கும். இரவில் என்ன செய்தோம் என்பது நோயாளிக்குத் தெரியாது. அடுத்த முறை நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது அதே அறையில் படுப்பவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.