நாக்கு கூறும் நரம்புச் செய்தி

"நாக்கை நீட்டுங்கள்" என்று வைத்தியர் சொல்வதை நம்மில் பலர் வெறும் சடங்காகவே எண்ணுகிறோம். சித்த வைத்தியத்தின் எண்வகைத் தேர்வில் நாவும் ஒன்று; மேல்நாட்டு முறை வைத்தியரும் அதனைப் பாராது விடுவதில்லை. நரம்புகளின் நிலையையும் நாக்கு சில சமயம் காட்டிக்கொடுக்கும்.

நல்ல நாக்கின்மேல் நுண்ணிய முளைகள் நிறைந்து சொரசொரப்பாக இருக்கும். வைட்டமின் பி12 குறைந்தால் அவை தேய்ந்து, நாக்கு வழுவழுப்பாகிச் சிவந்து, காரம் பட்டால் எரியும். நரம்புகளின் மேலுறைக்கும் அச்சத்தே வேண்டியிருத்தலால் பாதங்கள் மரத்துப்போவதும், இருட்டில் நடை தள்ளாடுவதும் உண்டு. குழித்தறியில் அமர்வோர் மிதியைக் கண்ணால் பார்த்தா மிதிக்கின்றனர்? கால் உணர்ச்சி மங்கினால் அதனை வயதின்மேல் போட்டுவிடுவது நம் வழக்கம். நாட்கடந்தால் நரம்பின் கேடு மீளாமலே போகலாம்.

இக்குறையால் வரும் கொடிய சோகை முன்னாளில் உயிரையே வாங்கியது. 1926-இல் பாஸ்டன் நகரில் மைனாட், மர்ஃபி என்னும் இரு வைத்தியர்கள் ஈரலை உணவாகக் கொடுத்து நோயாளிகளைத் தேற்றினர். 1948-இல் ஈரலினின்று பி12 பிரித்தெடுக்கப்பட்டது.

நெசவுத் தொழிலைத் தொட்ட செய்தியும் ஒன்றுண்டு. 1928-இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் வைத்தியர், துணியாலைகளில் உழைத்த கர்ப்பிணிகளின் சோகையை ஆராய்ந்து, ஈஸ்ட்டுச் சாரம் அதனைத் தீர்ப்பதைக் கண்டார். அதிலிருந்த சத்தே பின்னர் ஃபோலிக் அமிலம் எனப்பட்டது. இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். பி12 குறைந்தவர் ஃபோலிக் மாத்திரையை மட்டும் உண்டால் இரத்தம் தேறும். நரம்போ உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும். இதற்காகக் கர்ப்பிணிகள் வைத்தியர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடலாகாது.

நாம் விளைவிக்கும் தானியத்திலும் கீரையிலும் பி12 இல்லை. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி இவற்றில் உண்டு. வயிறு இச்சத்தை ஏற்காதவர்க்கு ஊசி தேவைப்படும். இரும்புச் சத்துக் குறைவிலும் நாக்கு வழுவழுப்பாகுமாதலால், கண்ணாடியைப் பார்த்து நாமே தீர்ப்புச் சொல்லாமல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதே முறை.

ஆனால் நீட்டிய நாக்கு திடீரென ஒரு பக்கம் கோணி, பேச்சுக் குழறி, முகமோ கையோ தொய்ந்தால் அது வேறு சங்கதி. பக்கவாதமாக இருக்கலாம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பெரும்பாலும் 4½ மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டுமாதலால், கைவைத்தியம் பார்த்து நில்லாமல் அக்கணமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்க.