போங்காவில் கரைத்த உப்பும் சர்க்கரையும்

டீ ஆறட்டும், அதற்குள் திலீப் மஹலனாபிஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குழந்தைக்குப் பேதி என்றால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கரைத்துக் கொடுக்கிறோம். அதை யார் கையிலும் நம்பிக் கொடுக்கலாம் என்று நடத்திக் காட்டிய வங்காளக் குழந்தை மருத்துவர் அவர்.

1971. வங்கதேசப் போருக்குத் தப்பி லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி வந்துகொண்டிருந்தார்கள். முகாம்களில் காலரா. மேற்கு வங்கத்தின் போங்காவ் மருத்துவமனையில் காலராவுக்கென்று இருந்தவை இரண்டே அறைகள். கட்டில் போதாமல் தரையெல்லாம் நோயாளிகள். வாந்தியும் பேதியும் தேங்கிக் கிடந்த அந்தத் தரையில் மண்டியிட்டுத்தான் நரம்பில் சலைன் ஏற்ற வேண்டும். அந்த சலைனும் தீர்ந்துகொண்டிருந்தது.

காலராவில் உயிரைக் குடிப்பது நீரிழப்பு. கிருமியின் நச்சு, உடம்பின் நீரையும் உப்பையும் குடல் வழியே வெளியே கொட்ட வைக்கிறது. வெறும் தண்ணீர் குடித்தால் ஈடாகாது. ஆனால் குடல் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்தே நுழைகிற வழி ஒன்று உண்டு. நச்சு அதைத் தொடுவதில்லை. அவை உள்ளே போனால் தண்ணீரும் கூடவே போகும். கரைசலில் சர்க்கரை சேர்ப்பது தெம்புக்காக என்றே பலரும் நினைக்கிறார்கள். இல்லை, உப்பை உள்ளே அழைத்துப் போகத்தான். இது ஆய்வாளர்களுக்கு அப்போதே தெரியும். டாக்காவிலும் கல்கத்தாவிலும் மருத்துவமனையில் வைத்துச் சோதித்தும் இருந்தார்கள். மருத்துவர் பக்கத்தில் இல்லாமல் கொடுக்கத்தான் தயக்கம்.

மஹலனாபிஸ் துணிந்தார். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. கல்கத்தாவில் பொட்டலம் கட்டி, முகாமில் பெரிய கலங்களில் கரைத்து வைத்தார்கள். அம்மாவும் அண்ணனும் கோப்பையில் பிடித்து வந்து தங்கள் நோயாளிக்குப் புகட்டினார்கள். நூற்றுக்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு 3.6 ஆகக் குறைந்தது. என் பார்வையில் அவருடைய பெரிய சாதனை, வேதியியலைவிட, அந்தக் கோப்பையை உறவினர் கையில் கொடுத்ததுதான்.

1973-இல் இந்த முகாம் சிகிச்சையைப் பற்றிய கட்டுரை வெளியானது. 1978-இல் ‘லான்செட்’ இதழ், குளுக்கோஸும் சோடியமும் குடலில் சேர்ந்தே நுழைகின்றன என்ற கண்டுபிடிப்பு, இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று எழுதியது. மஹலனாபிஸ் பிறகு உலக சுகாதார நிறுவனத்தின் வயிற்றுப்போக்குத் தடுப்புத் திட்டத்திலும் பணியாற்றினார்.

விருதுகள் மெதுவாகத்தான் வந்தன. 1994-இல் ஸ்வீடன் ராயல் அறிவியல் அகாடமியின் வெளிநாட்டு உறுப்பினர் ஆனார். 2002-இல் குழந்தை மருத்துவ ஆய்வுக்கான பொலின் பரிசு, 2006-இல் தாய்லாந்தின் இளவரசர் மஹிதோல் விருது. இரண்டையும் சக ஆய்வாளர்களோடு பகிர்ந்துகொண்டார், ஓ.ஆர்.எஸ். ஒருவர் தனியாகக் கண்டுபிடித்ததல்ல என்பதால் அது நியாயமும்கூட. நம் நாட்டின் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது 2023 ஜனவரியில். அவர் 2022 அக்டோபரிலேயே காலமாகிவிட்டார். அரை நூற்றாண்டு தாமதம். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. அவரோ, தான் தொழில் தொடங்கிய கொல்கத்தாக் குழந்தைகள் மருத்துவமனைக்கு, உயிரோடு இருந்தபோதே தன் சேமிப்பிலிருந்து ஒரு கோடி ரூபாய் கொடுத்திருந்தார்.