வாவிக்குள் விழுந்த ஊர்ப்பெயர்கள்

என் அக்காவின் மகனுக்குப் பதினைந்து வயது. போர் முடிந்த பிறகு பிறந்தவன். விடுமுறை நாளொன்றில் கணினியில் போர் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தவன் திடீரென்று கேட்டான்: "மாமா, இதில எங்கட மட்டக்களப்ப வைக்க ஏலாதா?"

வைக்கலாம். அவன் விளையாடியது 'பற்றில் ஃபோர் வெஸ்னொத்'. 2003 இல் டேவிட் வைற் தொடங்கிய இலவச, திறந்த மூல உத்தி விளையாட்டு. அதில் ஒவ்வொரு போர்க்களமும் ஒரு 'சினாரியோ'. அதன் தரவுகள் வெறும் எழுத்துக் கோப்புகள் என்பதால் யாரும் திறந்து திருத்தலாம்.

அவன் முதலில் கேட்ட களம் வாகரை. நான் மறுத்துவிட்டேன். 1638 ஐ எடுத்தோம். போர்த்துக்கேயர் 1628 இல் புளியந்தீவில் கட்டிய கோட்டையை, கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து, அடம் வெஸ்டர்வோல்ட் தலைமையில் வந்த ஒல்லாந்தர் 1638 மே 18 அன்று கைப்பற்றினர். பின்னாளில் நெடுங்காலம் கச்சேரி இயங்கியதும் அந்தக் கோட்டைக்குள்தான்.

ஒரு களத்துக்கு முக்கியமாக இரண்டு கோப்புகள் வேண்டும். முதலாவது வரைபடம். நிலம் அறுகோணக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சிறு குறியீடு காற்புள்ளியிட்டு எழுதப்பட்டிருக்கும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான வாவியை முழுதாக வைக்க முடியாது. புளியந்தீவு, கல்லடி, வவுணதீவு, மண்முனை ஆகியவற்றை மட்டும் எடுத்தோம். கரையோரம் ஆழமற்ற நீர், கண்ணாக்காட்டுக்குச் சதுப்பு, கடற்பக்கம் மணல். சாதாரணக் காலாட்படை வீரனுக்குப் புல்வெளிக் கட்டமொன்றைக் கடக்க 1 நகர்வுப்புள்ளி போதும். ஆழமற்ற நீருக்கோ சதுப்புக்கோ 3 தேவை. ஆழ்நீரில் அவனால் இறங்கவே முடியாது. ஆகவே எந்த நீரை எங்கே வைக்கிறோம் என்பதே போரின் போக்கைத் தீர்மானிக்கும்.

இரண்டாவது கோப்பில் தரப்புகள், சுற்றுகளின் எண்ணிக்கை, வெற்றி தோல்வி நிபந்தனைகள், வரைபடத்தில் தெரியவேண்டிய பெயர்கள் எல்லாம் இருக்கும். ஒவ்வொரு பெயரும் நிரல் எண், நிரை எண் என்ற இரண்டு எண்களால்தான் தன் இடத்தை அறியும்.

எங்களுக்குப் பிழைத்தது அங்கேதான். படுவான்கரைக்கு இடம் போதவில்லை என்று வரைபடத்தின் மேற்கே மூன்று நிரல்களைக் கூட்டினோம். நிலம் நகர்ந்தது. மற்றக் கோப்பிலிருந்த எண்கள் நகரவில்லை. கரையிலிருந்த ஊர்ப்பெயர்கள் வாவி நீருக்குள் கிடந்தன. போதாக்குறைக்கு, அறுகோண வரைபடத்தில் ஒன்றுவிட்ட நிரல்கள் அரைக் கட்டம் கீழிறங்கி நிற்பதால், கரைக்கோடும் நெளிந்துவிட்டது. பாடம் இதுதான்: நிரல்களை இரண்டு, நான்கு என இரட்டைப்படையில் கூட்டுங்கள், கூட்டிய உடனேயே பெயர்களின் எண்களையும் மாற்றுங்கள்.

அடுத்தது, கோப்புகளை இன்னொரு கணினிக்கு மாற்றுவது. வரைபடத்தை மட்டும் பென் ட்ரைவில் கொண்டுபோனால் களம் வராது. முழுக் கோப்புறையையும் கொண்டுபோக வேண்டும். விண்டோஸில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு பொருட்டல்ல. லினக்ஸில் ஓரெழுத்து மாறினாலும் கோப்பு அகப்படாது. விளையாட்டின் புதிய பதிப்பு தனக்கென வேறு கோப்புறை வைத்துக்கொள்ளும் என்பதால், பழைய களத்தை நாமே அங்கு கொண்டுபோய் வைக்கவேண்டும்.

ஊர்ப்பெயர்களை நான் முதலில் ஒரு பழைய பாமினிக் கோப்பிலிருந்து எடுத்து ஒட்டியிருந்தேன். பாமினியில் தமிழ் என்பது வெறும் தோற்றம். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். ஆகவே பெயர்களெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறி வந்தன. யூனிகோட்டுக்கு மாற்றி, யூடிஎஃப்-8 ஆகச் சேமித்த பிறகுதான் மண்முனை மண்முனையானது.

எல்லாம் சரியான அன்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். 2007 மார்ச்சில் படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஆயிரக்கணக்கானவர்களில் அவவும் ஒருவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப்பார்த்தா.

"மண்முனைப் பாதை எங்க?"

மருமகனுக்கு விளங்கவில்லை. 2014 இல் திறந்த பாலம்தான் அவனுக்குத் தெரியும். அதற்கு முன் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடந்த 'பாதை'யை அவன் கண்டதில்லை. விளக்கிச் சொன்னேன். அம்மா அடுத்த கேள்வியைக் கேட்டா.

"ஊர் இருக்கு மனே, சனம் எங்க?"

என்னிடம் பதில் இல்லை. இந்த விளையாட்டில் ஊர் என்பது, பிடித்தவனுக்குப் பொன் தரும், காயப்பட்ட வீரனுக்குச் சுற்றுக்கு 8 உயிர்ப்புள்ளி தரும் ஒரு கட்டம். அதில் இருந்தவர்களுக்கென்று தரவில் ஓரிடமும் இல்லை. நாங்களும் கோட்டைக்கும் படைக்கும் இடம் பார்த்தோமே தவிர, அதை யோசிக்கவில்லை.

அன்றிரவே மருமகன் கோப்பைத் திறந்தான். விளையாட்டிலுள்ள குடியானவன் என்ற பாத்திரத்தின் ஆயுதத்தை நீக்கி, ஊருக்கு இருவராக நிறுத்தினான். வெற்றி நிபந்தனையையும் மாற்றினான்: கோட்டை விழுந்தால் மட்டும் போதாது, சுற்றுகள் முடிவதற்குள் இவர்கள் அக்கரை சேரவேண்டும்.

குடியானவனுக்கு ஒரு சுற்றில் 5 நகர்வுப்புள்ளிகள். நீருக்கு 3 போக மிஞ்சும் 2 அடுத்த நீர்க்கட்டத்துக்குக் காணாது. சுற்றுக்கு ஒரேயொரு கட்டமாக அவர்கள் வாவியைக் கடந்தார்கள்.

"ஏன் மாமா இவங்க இவ்வளவு மெதுவா வாறாங்க?" என்று அவன் என்னைத்தான் கேட்டான். பதில் சொன்னது அம்மா.

"பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வந்தா அப்படித்தான் மனே."