அம்மாவுக்குச் சோதனை

பிள்ளைகளுக்குச் சோதனை என்றால் வீட்டில் என்ன நடக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். தொலைக்காட்சியின் சத்தம் குறையும். கொண்டாட்டங்கள் தள்ளிப்போகும். யாராவது ஹோர்லிக்ஸ் கரைத்துக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். சோதனை அம்மாவுக்கு என்றால்? சமையலும் வேலையும் நீச்சல் வகுப்பும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பும் அப்படியே இருக்க, நடுவில் ஒரு பெரிய தேர்வும் வந்து உட்கார்ந்தால்?

ரொறன்ரோவில் நான் எழுதிய உளவியலாளர் உரிமத் தேர்வு அப்படித்தான் வந்தது. அப்போது எனக்கு வயது 39. மகளுக்கு 11, மகனுக்கு 7. தாதியர் தேர்வு, கணக்காளர் தேர்வு, சட்டத்தரணித் தேர்வு என்று நடுவயதில் படிக்கிற பெற்றோர் நம்மில் நிறையப் பேர். அவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இரண்டு கேள்விகள்: எப்படிப் படித்தீர்கள்? வீட்டை எப்படிச் சமாளித்தீர்கள்? இரண்டுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பட்டம் வேறு, உரிமம் வேறு

"படிச்சு முடிஞ்சுதெண்டெல்லே சொன்னனீ? பிறகென்ன சோதனை?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. முனைவர் பட்டம் பல்கலைக்கழகம் தருவது. தனியாக நோயாளிகளைப் பார்க்கும் உரிமத்தை மாகாண ஒழுங்கமைப்புச் சபைதான் தரும். பட்டத்துக்குப் பிறகு மேற்பார்வையின் கீழ் வேலை செய்ய வேண்டும், தேர்வும் எழுத வேண்டும்.

அமெரிக்க மாநிலங்களிலும் கனடாவின் பெரும்பாலான மாகாணங்களிலும் அந்தத் தேர்வுக்குப் பெயர் ஈ.பி.பி.பி. நான் எழுதிய வடிவத்தில் மொத்தம் 225 பல்தெரிவு வினாக்கள், நேரம் 4 மணி 15 நிமிடம். அவற்றில் 175 வினாக்களுக்குத்தான் புள்ளி. மீதி 50 வருங்காலத் தேர்வுகளுக்காகப் பரீட்சித்துப் பார்க்கப்படுபவை. எது எந்த வகை என்று எழுதுகிறவருக்குத் தெரியாது. புள்ளிகள் 200 முதல் 800 வரையான அளவுகோலில் வரும். தனித்து இயங்கும் உரிமத்துக்கு 500 வேண்டும். தேர்வுக் கட்டணம் 600 அமெரிக்க டொலர், தேர்வு மையக் கட்டணம் தனி.

பாடப்பரப்பு எட்டுப் பிரிவு. மூளையும் உடலும் 10 சதவீதம், அறிதலும் உணர்ச்சியும் 13, சமூகமும் பண்பாடும் 11, குழந்தை முதல் முதுமை வரையான வளர்ச்சி 12, மதிப்பீடும் நோயறிதலும் 16, சிகிச்சையும் தடுப்பும் 15, ஆய்வுமுறையும் புள்ளியியலும் 7, நெறிமுறையும் சட்டமும் 16. பதினைந்து வருடத்துக்கு முன் படித்து மறந்த நரம்பியலும், நேற்றுப் படித்த சட்டமும் ஒரே தாளில் வரும். சிரமமே அதுதான்.

யாருக்காக இந்தப் பாடு?

எட்டு வயதில் நான் டொக்டரின் அறையில் அம்மாவுக்கு மொழிபெயர்த்திருக்கிறேன். இதைப் படிக்கிற உங்களில் பலரும் செய்திருப்பீர்கள். காய்ச்சல், இருமல், மூட்டுவலி என்றால் பிள்ளை சமாளித்துவிடும். ஆனால் 1983-ல் எரிந்த வீட்டைப் பற்றியோ, 2009-ல் தொலைந்துபோன தம்பியைப் பற்றியோ ஒரு தாய் தன் பிள்ளையின் வாய்வழியாக வெளியாருக்குச் சொல்வாரா? சொல்லமாட்டார். "நெஞ்சு பாரமாக் கிடக்குது, தலை விறைக்குது, சாப்பாடு இறங்குதில்லை" என்பார். பிள்ளை அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லும். இதயத்துக்கு ஒரு பரிசோதனை எழுதித் தருவார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடிவு வரும். பாரம் அப்படியே கிடக்கும்.

அந்த நெஞ்சுப் பாரத்துக்குள் துக்கமும் பயமும் இருக்கலாம் என்று தமிழிலேயே கேட்டு அறியக்கூடிய ஆட்கள் வேண்டும். "விசர் டொக்டரிட்டப் போறதோ?" என்று தயங்குகிறவரிடம், "வாங்கோ அம்மா, இருங்கோ, கதைப்பம்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். என் மேற்பார்வைக் காலத்தில் தமிழ் பேசும் ஆள் கேட்டு அழைத்தவர்களைக் காத்திருக்கச் சொல்ல வேண்டியிருந்தது. தேர்வில் தேறினால்தான் அவர்களை நான் என் சொந்தப் பொறுப்பில் பார்க்க முடியும். தேறாவிட்டால் எங்கள் வீட்டு வருமானத்தில் மட்டுமல்ல, அந்தப் பட்டியலிலும் ஒரு வருடம் போகும்.

பாடத்துக்குள்ளேயே இருந்த படிப்பு முறை

எப்படிப் படிக்க வேண்டும் என்பதும் இந்தத் தேர்வின் பாடத்திலேயே வருகிறது. ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-ல் தன்னையே பரிசோதித்து, படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து எழுதினார். மறதி ஆரம்பத்தில்தான் வேகம். இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தால் அந்த வேகம் குறையும். 2006-ல் ரோடிகரும் கார்பிக்கியும் மாணவர்களுக்கு ஒரு கட்டுரையைக் கொடுத்தார்கள். சிலர் அதைத் திரும்ப வாசித்தார்கள், சிலர் மூடிவைத்து நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவிலிருந்து எழுதியவர்கள் முந்தினார்கள்.

அதனால் என் ஐந்து மாதத் திட்டம் எளிமையானது. திங்கள் முதல் வெள்ளி வரை காலை 5 மணியிலிருந்து 6.30 வரை. சனிக்கிழமை பிள்ளைகள் தமிழ் வகுப்பில் இருக்கிற இரண்டரை மணி நேரம், பக்கத்து நூலகத்தில். ஞாயிறு விடுமுறை. வாரம் 10 மணி நேரம், 20 வாரத்தில் 200 மணி நேரம். ஒவ்வொரு நாளும் முதல் இருபது நிமிடம் புத்தகத்தைத் திறக்காமல் முந்தின நாள் படித்ததை வெறும் தாளில் எழுதுவேன். அதற்குப் பிறகுதான் புதியது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நேரம் வைத்து ஒரு மாதிரித் தேர்வு.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மகள் அட்டைகளைக் கையில் எடுத்துக்கொண்டு கேள்வி கேட்பாள். எனக்குப் பதில் வராதபோது அவளுக்கு வருகிற சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும்! "அம்மா, ஹிப்போகாம்பஸ் எங்க இருக்கு? போன கிழமையும் இதைத்தான் விட்டீங்கள்." ஒரு மாதத்தில் ஏழு வயது மகனுக்கும் ஹிப்போகாம்பஸ் நினைவுக்கு வேண்டிய இடம் என்று தெரிந்துவிட்டது.

புத்தகம் எங்கள் வீட்டைப் பற்றிப் பேசியது

பண்பாட்டுப் பிரிவில் ஜான் பெரி வருவார், நம் கிங்ஸ்டன் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். புலம்பெயர்ந்தவர்கள் தங்கள் பண்பாட்டையும் புது நாட்டையும் கையாளும் விதத்தை நான்காகப் பிரித்தார். இரண்டையும் வைத்திருப்பது, பழையதை விட்டுப் புதியதில் கரைவது, புதியதை ஒதுக்கிப் பழையதில் நிற்பது, இரண்டிலும் ஒட்டாமல் போவது. இதைப் படித்த அன்று எங்கள் சாப்பாட்டு மேசையைச் சுற்றிப் பார்த்தேன். அம்மா, நான், இவர், பிள்ளைகள் என்று ஆளுக்கொரு பெட்டியில் வைக்கலாம்போல இருந்தது. அம்மா காலையில் ஒரு பெட்டியிலும், ஹொக்கி பார்க்கிற இரவில் இன்னொரு பெட்டியிலும் இருப்பார்.

குழந்தை வளர்ப்புக்கு டயானா பாம்ரிண்ட். அவர் பிரிவின்படி, கண்டிப்பு கூடி அரவணைப்புக் குறைந்தால் அது அதிகாரப் போக்கு. கண்டிப்பும் அரவணைப்பும் சேர்ந்திருப்பதே நல்லது. ரூத் சாவ் 1994-ல் ஒரு கேள்வி எழுப்பினார். சீனக் குடும்பங்களில் கண்டிப்பு என்பதே அக்கறையின் ஒரு வடிவமாக இருக்கும்போது, அந்தப் பெயர் அங்கே பொருந்துமா? நம் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்கவே வேண்டாம். "சாப்பிட்டியோ?" என்று அதட்டிக் கேட்கிற அப்பாவை எந்தப் பெட்டியில் வைப்பது?

ஆனால் தேர்வு அறையில் இந்த யோசனை ஆபத்து. 'என்னிடம் வருகிற தமிழ் அம்மா இப்படிச் சொல்லமாட்டாரே' என்று நினைத்தால் நான்கு விடைகளும் பிழையாகத் தெரியும். வினாவில் எழுதியிருப்பதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும், எழுதாததைச் சேர்க்கக் கூடாது. இரண்டு பண்பாட்டில் வளர்ந்தவர்களுக்கு என் முதல் அறிவுரை இதுதான்.

இந்தத் தேர்வைப் பற்றிய விமர்சனமும் சிறியதல்ல. அமெரிக்காவில் வெளியான ஆய்வுகள் கறுப்பின, லத்தீன் விண்ணப்பதாரர்கள் கூடுதலாகத் தோற்பதைக் காட்டியிருக்கின்றன. கூடுதல் புள்ளி எடுத்தவர்தான் நல்ல உளவியலாளரா என்று துறைக்குள்ளேயே கேட்கிறார்கள். அந்த விவாதம் நடக்கட்டும். அது முடியும்வரை, வாசலைத் தாண்டுகிறவர்கள் தாண்டித்தான் ஆகவேண்டும்.

தோற்றால் என்ன?

"ஒருத்தருக்கும் சொல்லாதை, நாவூறு பட்டிடும்" என்றார் அம்மா. உறவினர்களுக்குத் திகதியைச் சொல்லவில்லை, அம்மாவுக்காக. ஆனால் வீட்டுக்குள் ஒளிக்கவில்லை. அதற்குக் காரணம் என்னோடு படித்த ஒரு தோழி. இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் 500-ஐத் தொடாமல், ஒரு வருடம் பெற்றோரிடம் "இன்னும் முடிவு வரேல்லை" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். பட்டம் பெற்ற, பிள்ளை பெற்ற ஒரு பெண் ரிப்போர்ட் கார்டை ஒளிக்கிற பிள்ளைபோல ஆனதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

அதனால் முதல் மாதிரித் தேர்வில் வந்த 58 சதவீதத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். பிறகு 61, 66. அடுத்தது 64, இறங்கிவிட்டது. அதையும் ஒட்டினேன். பிறகு 71, 74. மகன் ஒருநாள் கேட்டான்: "அம்மா, நீங்கள் ஃபெயில் விட்டா என்ன செய்வீங்கள்?"

பதில் தயாராக இருந்தது, ஏனென்றால் நானும் இவரும் முன்பே இருந்து கதைத்திருந்தோம். பன்னிரண்டு மாதத்துக்குள் நான்கு முறை வரை எழுதலாம். இரண்டாவது கட்டணத்துக்குக் காசு ஒதுக்கி வைத்திருந்தோம். "அழுவன். ரெண்டு நாள் நித்திரை கொள்ளுவன். பிறகு திரும்பப் படிப்பன்" என்றேன். "அவ்வளவுதானா?" என்றான். அவ்வளவுதான்.

அந்த மாதம் மகள் கணிதத்தில் குறைந்த மதிப்பெண் எடுத்த தாளை, நான் கேட்காமலே கொண்டுவந்து என் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பேரும் அடுத்த நாள் படித்தோம்.

தேர்வு நாள்

225 வினாவுக்கு 255 நிமிடம் என்றால் ஒரு வினாவுக்கு 68 வினாடி. நான் 75 வினாவுக்கு 80 நிமிடம் என்று மூன்றாகப் பிரித்தேன். 15 நிமிடம் மிஞ்சும். கைபேசி, கைக்கடிகாரம் எல்லாம் வெளியே பெட்டகத்தில். கழிவறைக்குப் போனாலும் நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். பிழையான விடைக்குப் புள்ளி குறைக்கமாட்டார்கள், ஆகவே ஒன்றையும் வெறுமையாக விடக்கூடாது. தெரியாத வினா வந்தால் அது புள்ளியில்லாத அந்த 50-ல் ஒன்றாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு நகர்ந்தேன். பாதிப் பதற்றம் அதிலேயே போய்விட்டது.

பதற்றம் முழுவதும் போகவும் வேண்டாம். யெர்க்ஸும் டாட்சனும் 1908-ல் எலிகளை வைத்துக் கண்டது இன்றும் பாடத்தில் இருக்கிறது. கடினமான வேலைக்குத் தூண்டுதல் மிகக் குறைந்தாலும் ஆகாது, கூடினாலும் ஆகாது. முந்தின நாள் மாலை நான் புத்தகத்தைத் தொடவில்லை. இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குப் படுத்தேன். தேறினேன்.

படிக்கிற வீட்டுக்குச் சில யோசனைகள்

முதலில் உங்கள் மாநில, மாகாணச் சபையின் விதிகளைப் பாருங்கள். இடத்துக்கு இடம் மாறும், வருடத்துக்கு வருடமும் மாறும். படிக்கிற நேரத்தைக் குடும்பத்தின் நாட்காட்டியில் எழுதுங்கள். டொக்டரிடம் போகிற நேரத்தைப்போல அதையும் யாரும் அசைக்கக் கூடாது. இவர் ஐந்து மாதம் காலைச் சாப்பாட்டைப் பொறுப்பெடுத்தார். உதவி என்று கேட்காமல் இன்ன வேலை என்று பெயர் சொல்லிப் பிரித்துக்கொண்டதால்தான் அது நடந்தது. வாரத்தில் ஒரு நாள் புத்தகமே வேண்டாம். அடுத்த முறைக்கான காசையும் திட்டத்தையும் முதல் முறைக்கு முன்பே பேசி வையுங்கள். தோற்பதற்கு இடம் இருக்கிற வீட்டில்தான் ஒருவர் பயமில்லாமல் படிக்கலாம். அது பிள்ளைக்கும் பொருந்தும், பெற்றோருக்கும் பொருந்தும்.

இப்போது திங்கள், வியாழன் மாலைகளில் தமிழில் பார்க்கிறேன். காத்திருப்போர் பட்டியல் இன்னும் நீளமாகத்தான் இருக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது உளவியல் படிக்கப் போகிறேன் என்றால், "அதில என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்பதற்கு முன் இந்தப் பட்டியலை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு இன்னும் ஆட்கள் வேணும்.