பொறிக் குளிர்நீர் வெப்பநிலை உணரி

பொறிக் குளிர்நீர் வெப்பநிலை உணரி என்பது, தானுந்துப் பொறியினுள் சுற்றி ஓடும் கூலன்ட் எனப்படும் நீர்மத்தின் வெப்பநிலையை மின்னணுக் கட்டுப்பாட்டகத்துக்கு அறிவிக்கும் கருவியாகும். இதனுள் இருப்பது ஒரு வெப்பத்தடையம்; சூடு ஏற ஏற இதன் மின்தடை குறையும். பரவலாகப் பயன்படும் ஒரு வகையில் 20 பாகை செல்சியசில் சுமார் 2,500 ஓம், 80 பாகையில் சுமார் 300 ஓம் இருக்கும்.

உணரி உள்ளதைவிடச் சற்றுக் குளிராகக் காட்டுவதே கண்டறியக் கடினமான பழுது. பிழைக் குறியீடு தோன்றாமலே எரிபொருள் மிகுதியாகச் செலவாகும். நாளடைவில் வினையூக்கி மாற்றியும் கெடக்கூடும். இரவு முழுதும் நின்ற வண்டியை இயக்கும் முன், ஸ்கேன் கருவியில் குளிர்நீரின் வெப்பநிலையை உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருத்தல் வேண்டும்.

பி0118 என்ற குறியீடு உணரியை மட்டும் சுட்டுவதன்று. மின்சுற்று எங்கேனும் அறுந்திருந்தாலும் தோன்றும். அப்போது திரையில் பெரும்பாலும் −40 பாகை தெரியும். ஈரிழை உணரியாயின், இணைப்பியைக் கழற்றி, கம்பிப் பக்கத்து இரு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைத்துப் பார்க்கலாம். அளவு உச்சத்துக்குத் தாவினால் கம்பிகள் நலம், உணரியே ஐயத்துக்குரியது. தாவாவிட்டால் புதிய உணரி வாங்குவது வீண்செலவு.

உணரியைக் கழற்றும் முன் பொறி முற்றிலும் ஆறியிருக்க வேண்டும். சூடான கூலன்ட் அழுத்தத்துடன் பீறிட்டுக் கடுமையான தீப்புண்ணை உண்டாக்கும்.