உங்களுக்குத் தெரியுமா? கத்திக்கும் உண்டு கவசம்!

எவர்சில்வர் கத்தியைத் துருவிலிருந்து காப்பாற்றுவது ஓர் ஆக்சைடுதான்! எஃகில் கலந்திருக்கும் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து, சில நானோமீட்டர் தடிமனே உள்ள படலமாக அலகின் மேல் படிகிறது. கீறல் விழுந்தாலும், காற்றுப் பட்டதும் அந்த இடத்தில் படலம் தானாகவே மறுபடி உருவாகிவிடும்.

• தட்டு வேறு, கத்தி வேறு: பாத்திரங்கள் செய்யும் 304 ரக எஃகில் சுமார் 18% குரோமியமும் 8% நிக்கலும் உண்டு. கத்திகளுக்கான 420 ரகத்தில் குரோமியம் 12 முதல் 14% தான். கூர்மை நிற்பதற்காகக் கூடுதலாகச் சேர்க்கும் கார்பன், அதிலும் ஒரு பங்கைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தட்டு பளபளக்க, கத்தியில் மட்டும் பழுப்புப் புள்ளி தெரிவது இதனால்தான்.

• முதல் எதிரி உப்பு: அதிலுள்ள குளோரைடு படலத்தைத் துளைத்து, ஊசி குத்தியதுபோலக் குழி பறிக்கும். உப்பு போட்ட மாங்காயையோ எலுமிச்சையையோ நறுக்கினால், கத்தியை உடனே கழுவித் துணியால் துடைத்துவிட வேண்டும். ஈரத்தோடு தொட்டியில் போட்டுவைப்பதுதான் வினை.

• இரும்பு நார் வேண்டாம்: சாதாரண இரும்பு நாரால் தேய்த்தால், அதன் துணுக்குகள் அலகில் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும். மென்மையான பஞ்சே போதும்.

• துப்பாக்கியில் தொடங்கிய கதை: 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி தேடியது, எளிதில் அரிக்காத துப்பாக்கிக் குழலுக்கான எஃகை. கிடைத்ததோ, அந்த ஊர்க் கத்தித் தொழிலையே மாற்றிய உலோகம்.